உறுதிமொழி வந்த காலையில் சங்கரன்கோவில் பூச்சந்தை

மல்லிகைப்பூ பார்க்க ஊர் விட்டு ஊர் போவார்களா என்று வீட்டில் கேலி செய்தார்கள். எனக்குப் பூச்சந்தை ஏலத்தை நேரில் பார்க்க நெடுநாள் ஆசை. போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். வளைகுடாவில் போர்ப் பதற்றம் தொடங்கி இரண்டாவது வாரம் அது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் சுமார் 55 கி.மீ. அதிகாலைப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் அறுபது ரூபாய்க்குள். பேருந்து நிலையத்திலிருந்து சந்தைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். பேரம் பேசினேன், மனிதர் மசியவில்லை.

சந்தை வாசல் டீக்கடையில் இரண்டு பத்திரிகைகளின் சுவரொட்டிகள் ஒரே கயிற்றில் தொங்கின. முந்தைய இரவு வளைகுடா நாடொன்றின் தலைவர் தொலைக்காட்சியில் பேசியிருந்தார். வெளிநாட்டவருக்கு ஆபத்தில்லை, விமானங்கள் வழக்கம்போல் ஓடும் என்றாராம். ஒரு சுவரொட்டி ‘அச்சம் வேண்டாம்’ என்றது. அடுத்தது ‘நம்பலாமா? கடையநல்லூர் குடும்பங்கள் கலக்கம்’ என்றது. பக்கத்து ஊரான அங்கே பல வீடுகளில் வளைகுடாச் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. எதை நம்புவது என்று டீ மாஸ்டரைக் கேட்டேன்.

“ரெண்டயும் நம்பாதிய. உள்ள மாரியக்காவுக்குப் போன் வரும். அதுக்கப்புறந்தான் வெல சொல்லுவாவ.”

கிண்டல் என்று நினைத்தேன். உள்ளே போனால் உண்மைதான். இங்கிருந்து மல்லிகை மொட்டு தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறது. இரண்டு வாரமாக விமானம் சரியில்லை. விரிந்த பூவை எந்த ஏற்றுமதிக்காரரும் தொடமாட்டார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பூ கொண்டுவரும் மாரியம்மாளின் கணவர், தலைவர் பேசிய அதே நாட்டு விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிறார். அவர் போனுக்காக ஏலக்காரரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போன் வந்தது. மாரியம்மாள் ஓரமாகப் போய்ப் பேசினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“என்னக்கா சொல்லுதாரு?” என்றார் கமிஷன் கடைக்காரர்.

“ஓடுதாம் அண்ணாச்சி. ராத்திரியே ரெண்டு பிளேன் எறங்கிருக்கு. பூவ ஏத்துங்க.”

அவ்வளவுதான். கிலோ நானூறில் தூங்கிக்கொண்டிருந்த மல்லிகை கால் மணி நேரத்தில் எழுநூறைத் தொட்டது. ஐஸ் உடைக்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. ‘அச்சம் வேண்டாம்’ பத்திரிகை ஜெயித்துவிட்டது என்று எனக்கும் உற்சாகம். “அப்போ அந்தத் தலைவரை நம்பலாம், இல்லையாக்கா?” என்றேன்.

“அவரு மனசுல இருக்கது யாருக்குத் தெரியும்? பிளேன் இங்கருந்து போகுதான்னு எல்லாரும் கேட்டிய. அங்கருந்து வருதான்னு நான் கேட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு டிக்கெட் கெடச்சிருக்கு. ஏறி வந்துருங்கன்னு சொல்லிட்டேன்.”

“வேலை?”

“போனாப் போகட்டும்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தில் நாங்கள் எல்லோரும் விலையைத்தான் தேடியிருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் காலை ஏழுக்குள் போய்விடுங்கள். தரை முழுக்க ஈரம், செருப்பு வழுக்கும். பூ வாங்கினால் மொட்டாக வாங்கி வாழையிலையில் சுற்றுங்கள். பேருந்துச் சூட்டில் என்னுடைய அரைக் கிலோ பாதி வழியிலேயே விரிந்துவிட்டது.

கிளம்பும்போது மாரியம்மாளிடம் கேட்டேன்: “அவர் வந்துவிட்டால் சந்தைக்கு யார் போன் பண்ணுவார்கள்?”

காலிக் கூடையைத் தட்டிக் கவிழ்த்தார். அன்று காலையில் முதல்முறையாகச் சிரித்தார். “பேப்பரப் பாத்துக்கிடச் சொல்லுங்க.”