காலமான பிறகும் நாசி லெமாக் விற்ற குணவதி

பெயர் குணவதி. அந்தப் பெயரை வைத்த தாய் தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இல்லாவிட்டால் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரர்கள் அவர்கள் வாசலில் வரிசை கட்டி நின்று நியாயம் கேட்டிருப்பார்கள். சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் பால்மரம் வெட்டி, புருஷனையும் அங்கேயே பறிகொடுத்தவள். தோட்டத்தை வீடு கட்ட விற்றதும் ஒரே மகன் சசிதரனை இழுத்துக்கொண்டு டவுனுக்கு வந்தாள். தமிழ்ப்பள்ளிக்கு எதிரே காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பாள். அதோடு தருகிற காரச் சம்பல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் சம்பலுக்கு வரவில்லை, அவள் வாய்க்கு வந்தது. தினம் ஒருவரைக் கிழிப்பாள். மற்றவர்கள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். மறுநாள் அவர்களில் ஒருவர் முறை.

சிரிக்க நாலு பேர் இருந்துவிட்டால் குணவதிக்குக் கண்மண் தெரியாது. அவள் வியாதியே அதுதான். மகன் கல்யாணத்தில்கூட அது அடங்கவில்லை. மணப்பெண் அன்பரசி ஏற்கெனவே ஒருமுறை கல்யாணமாகி, ஒத்துவராமல் பிரிந்து வந்தவள். குணவதிக்கு அது பிடிக்கவில்லை. சரி, பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குள் சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்தப் புண்ணியவதி, அட்சதை போட மேடையேறி, மைக் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தே சொன்னாள்:

"செகண்ட் ஹேண்ட் காடி வாங்கறவன்கூட கிராண்டு பத்திரத்தப் பாத்துட்டுத்தான் வாங்குவான். எம்மவன் பெயிண்ட மட்டும் பாத்துட்டு வாங்கிட்டான்லா."

மண்டபமே சிரித்தது. பாவிகள், பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்பரசி தலையைக் குனிந்துகொண்டாள். சசிதரன் அம்மாவை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அடுத்த வாரம் பெண்டாட்டியோடு நாட்டின் தென்கோடி ஜொகூருக்குக் குடிபோனவன் தீபாவளிக்கும் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. வருஷங்கள் ஓடின. குணவதி அவனைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி அவனுக்கு ஒரு சட்டை எடுத்து அலமாரியில் வைப்பாள்.

இப்படி இருக்கையில்தான், எல்லைக்கு அந்தப் பக்கம், சயாமின் கடற்கரையில் அணுமின் நிலையம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கெடாக்காரன் எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம். இந்தப் பக்கத்து அதிகாரிகள், அது அவர்கள் நாட்டு விஷயம் என்று கையை விரித்தார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர், பயப்படாதீர்கள், காற்று உங்கள் பக்கம் அடிக்காது என்றார்.

பாடாங் செராயில் இதை எதிர்க்க ஒரு குழு இருந்தது. தலைவர் லோகேஸ்வரன், பேனர் அடிக்கும் கடைக்காரன். கல்யாணம், கோயில் திருவிழா, சாவு, எல்லாவற்றுக்கும் அவன்தான் படம் போட்டு எழுத்துக் கோப்பான். நல்லவன். ஆனால் அவன் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். அவன் கடை வாசலில்தான் குணவதியின் மேசை. காற்று அடிக்காது என்ற செய்தியை அவன் படித்துக் காட்டியபோது அவள் வாழையிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"காத்து வராதாமா? ஏன்டா, அதுக்குப் பாஸ்போட் இல்லியா? ஒண்ணு அடிச்சிக் குடு."

அடித்துக் கொடுத்தான். பெயர்: காற்று. பிறந்த இடம்: சயாம். தங்கும் காலம்: இருபதாயிரம் ஆண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கப்படும். படம் ஒட்டுகிற கட்டம் காலி. புக்கிட் காயு ஹித்தாம் எல்லைச் சாவடிக்குப் போய், அதை நீட்டி, முத்திரை குத்தச் சொல்லி மலாயில் கேட்டாள் குணவதி. அதிகாரி காலிக் கட்டத்தைப் பார்த்து, "ஆள் எங்கே?" என்று கேட்டுவிட்டார். "உங்க மூக்குக்குள்ள," என்றாள் குணவதி. லோகேஸ்வரன் கூடப் போய் எடுத்த காணொளி இரண்டு நாட்டிலும் ஓடியது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

அடுத்து மரண அறிவிப்புகள். அதுவும் அவள் யோசனைதான். உயிரோடு இருக்கிறவர்கள் படத்தைப் போட்டு, குத்துவிளக்கு, தாமரை, எல்லாம் லோகேஸ்வரன் வழக்கமாக வைக்கிற மாதிரியே வைத்து, 'காலமானார்' என்று அடிப்பது. இறந்த வருஷம் இன்னும் பத்து வருஷம் தள்ளி. கடைசியில் பொடி எழுத்தில், 'காரணம்: பக்கத்து நாட்டு மின்சாரம்'. ஊர் ஜனங்கள் பவுடர் பூசிக்கொண்டு வந்து சாவுக்குப் போஸ் கொடுத்தார்கள். முதல் அறிவிப்பு குணவதியுடையது. 'கொள்ளி: மகன் சசிதரன், ஜொகூர்' என்று போடச் சொன்னாள்.

"அது வேணுமாக்கா?" என்று லோகேஸ்வரன் தயங்கினான்.

"சாவுன்னா மவன் பேரு இல்லாமலா? போடுடா."

எல்லைக்கு அந்தப் பக்கத்து மீனவ கிராமங்களிலும் அணு உலையை எதிர்க்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. குணவதியின் முகம் பிடித்துவிட்டது. படத்தைப் பெரிதாக அடித்து, மாலை போட்டு, கொளுத்துகிற வெயிலில் ஊர்வலமாகத் தூக்கிப் போனார்கள். மாலை போட்ட அந்தப் படம் வாட்சப்பில் வந்தது. நம் ஆட்களின் பழக்கம் தெரியாதா? மாலை போட்ட படத்தைக் கண்டால் முதலில் கும்பிடு போட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, செத்தது யார் என்று பிறகுதான் கேட்பார்கள். பெரிய மனது பண்ணி யாரோ ஒருவர் அறிவிப்பில் முகத்தையும் 'காலமானார்' என்ற வார்த்தையையும் கடைப் போன் எண்ணையும் மட்டும் வெட்டி எடுத்தார். வருஷமும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. குணவதி செத்த செய்தி பக்கத்து ஊர் கூலிமிலிருந்து ஜொகூர் வரை எல்லா உறவுக்காரர் குழுவிலும் இறங்கியது. துக்கம் விசாரிக்க மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர், அவள் மேசையிலேயே நாசி லெமாக் வாங்கிக்கொண்டு போனார்கள்.

லோகேஸ்வரன் பதறிப்போய் மறுப்பு அடிக்க உட்கார்ந்தான். குணவதி அவன் கையைப் பிடித்தாள்.

"இருடா தம்பி. அவன் வரட்டும்."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவள் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தாலாவது தாங்கியிருப்பான்.

வீட்டுக்குப் போய்த் தரையைத் தேய்த்துக் கழுவினாள். கடலோரத் தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த இறால் வாங்கினாள், சசிதரனுக்குப் பிடிக்கும் என்று. அவன் அழுதுகொண்டு வருவான். கதவைத் திறந்து முன்னால் நிற்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்பரசியும் வந்தால் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாள். இத்தனை வருஷம் ஊரையே சிரிக்க வைத்தவள், கண்ணாடி முன்னால் நின்று பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

மறுநாள் கடைப் போன் அடித்தது. அறிவிப்பில் அந்த எண்தான் இருந்தது. லோகேஸ்வரன் ஸ்பீக்கரில் போட்டான். குணவதி எதிரே நின்றாள்.

"அண்ணே, சசி பேசறேன். நெசமாண்ணே?"

லோகேஸ்வரன் அவளைப் பார்த்தான். தலையாட்டினாள்.

"ஆமா தம்பி. நீ வந்துருவேல்ல? கொள்ளி நீதான வைக்கணும்."

"லீவு கெடைக்காதுண்ணே. வேற யாரையாச்சும் வச்சி செஞ்சிருங்க."

"அம்மாடா, தம்பி."

"அன்பரசிகூட போயிட்டு வாங்கன்னுதான் சொல்றா. எனக்குத்தான் முடியலண்ணே." பிறகு தணிந்த குரலில் கேட்டான்: "கடைசியா ஏதாச்சும் சொன்னிச்சா?"

குணவதியின் வாய் திறந்தது. சசி என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒண்ணும் சொல்லல தம்பி."

"நல்லதுண்ணே," என்றான் சசிதரன். "வாயத் தொறக்காம போனதே நல்லது."

அன்றைக்கும் அவள் இறாலைச் சமைத்தாள். பெற்ற மனசு, போனில் அப்படிச் சொன்னாலும் வண்டி ஏறிவிடுவான் என்று அடித்துக்கொண்டது. விடியும்வரை வாசல் விளக்கை அணைக்கவில்லை. யாரும் வரவில்லை.

அப்புறம் பத்திரிகைகள் உண்மையை எழுதின. சாகாத குணவதி, சிரிக்கிற படத்தோடு முதல் பக்கத்தில் வந்தாள். அந்தப் பக்கத்து அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைப்பதாகச் சொன்னது. பாடாங் செராயில் மண்டபம் எடுத்து அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பேசச் சொன்னார்கள். பேசினாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள், படுபாவிகள்.

விழா முடிந்த வாரம் அவள் கைப்பேசிக்கு அன்பரசி கூப்பிட்டாள்.

"அத்தை, நீங்க உயிரோட இருக்கறது எங்களுக்குத் தெரியும். பேப்பர அவருகிட்ட காட்டுனேன். பாத்தாரு. உங்கள நெனச்சி ஃபேஸ்புக்ல எழுதியிருந்தாரு, அத எடுத்துருங்கன்னேன். இருக்கட்டும்ங்கறாரு. நீங்களா எங்கயாச்சும் பாத்து மனசு ஒடையக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

மன்னித்துவிடம்மா என்று சொல்ல குணவதி வாயெடுத்தாள். அந்த வாய்க்கு அது பழக்கமில்லை. "ம்" என்றுதான் வந்தது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அன்பரசி போனை வைத்துவிட்டாள்.

குணவதிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். லோகேஸ்வரனிடம் போனைக் கொடுத்து, மகன் எழுதியதைத் தேடிப் படிக்கச் சொன்னாள். மாலை போட்ட அதே படம். கீழே சசிதரன் எழுதியிருந்தான்: 'அம்மா, நீங்கள் ஒருவர் மனதையும் நோகடித்ததில்லை. உங்களைப் போல் ஒரு தாய் யாருக்குக் கிடைப்பாள்.' அதற்குக் கீழே ஆறுதல் சொல்லி நூற்றுக்கணக்கான பேர். ஒவ்வொருவருக்கும் சசிதரன் பதில் போட்டிருந்தான்.

"நான் பேசறேன்க்கா அவன்கிட்ட. இது ரொம்ப அநியாயம்," என்றான் லோகேஸ்வரன்.

"பேசாத. உயிரோட இருக்கறவளப் பத்தி அவன் இப்பிடி எழுதுவானா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம்பேர்லயே ஒண்ணு போடு."

"என்னான்னு போட?"

"ஆழ்ந்த அனுதாபங்கள்னு போடு. அவ்ளோதான்."

போட்டான். குணவதி என்ற பெயரும், பக்கத்தில் அவள் முகமும் தெரிந்தன. இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஜொகூரிலிருந்து பதில் வந்தது. கும்பிடுகிற இரண்டு கை, 'நன்றி'. மற்ற எல்லாருக்கும் போட்டிருந்த அதே நன்றிதான்.