பந்துக்குள் இருந்த மூச்சு

தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாரிகாலம். கல்முனையில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கணவர் சவூதிக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

புறப்படும் அன்று வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான், மகனுக்கென்று கொண்டுவந்த பிளாஸ்டிக் பந்து பெட்டிக்குள்ளேயே கிடப்பது அவருக்கு நினைவு வந்தது. நின்ற நிலையிலேயே வாயால் ஊதி, மூடியை அழுத்தி, இரண்டரை வயது மகனின் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்.

மறுநாளே அதை மகனிடமிருந்து வாங்கி அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன். முள்ளில் பட்டால்? பூனை கீறினால்? அவன் அண்ணாந்து பார்த்து அழுவான். பக்கத்து வீட்டிலிருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, விடமாட்டாள்.

"என்ன கா, உன்ட மாப்புளட மூச்சையா பூட்டி வெச்சிரிக்காய்? புள்ள விளையாடத்தானே ஊதித் தந்தவர்?"

சிரித்து மழுப்பினேன். அவள் சொன்னது உண்மைதான்.

அடைமழை பெய்த ஒரு காலையில் பந்து தொய்ந்து கிடந்தது. அமுக்கினால் குழி விழுந்தது. பதறிப்போய் சவர்க்கார நீரைப் பந்து முழுக்கப் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள் நான். குளிரில் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளிருப்பது எங்கும் போய்விடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அடங்கவில்லை. நானே ஊதி நிரப்பலாம்தான். ஆனால் அதில் என் மூச்சும் கலந்துவிடுமே!

அதனால் சூடு காட்ட நினைத்தேன். பகல் சோற்றை வடித்து இறக்கியதும், பானை மூடியின் மேல் துணியை விரித்து அதன் மேல் பந்தை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கொடுத்த அன்றைப் போலவே விறைத்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அதை எடுத்து வைக்காமலே லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் போய்விட்டேன்.

தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் 'டப்' என்று ஒரு சத்தம்.

"அல்லாஹ்வே! என்னது வெடிச்ச?" என்று எங்களோடு இருக்கும் என் உம்மா கத்துவது கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. தொழுகையை முறிக்கவும் மனமில்லை, அதில் நிற்கவும் மனமில்லை. முடித்துவிட்டு ஓடினேன். சூட்டில் பிளாஸ்டிக் இளகி, ஒட்டுவாய் பிளந்து கிடந்தது.

உம்மா சன்னலைத் திறக்கப் போனார்.

"தொறக்காதீங்க, உம்மா."

"ஏன் புள்ள? நாத்தமடிக்கிதே?"

உம்மா என் முகத்தைப் பார்த்தார், சன்னலிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். வெளியே வந்த காற்று ஒரு இடத்தில் நிற்காது, அறை முழுவதும் பரவி, இடுக்கு வழியாகப் போய்விடும் என்று படித்தவள்தான். இருந்தும் அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மகன் வந்தான். பிளந்த பந்தை எடுத்துத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். நான் அதை அலுமாரியின் மேல் வைத்த பிறகு அவன் அதை வைத்து விளையாடியது அன்றுதான்.

அவனுக்கு இப்போது ஐந்து வயது. அவர் இன்னும் ஊருக்கு வரவில்லை. மகன் எதையாவது கேட்டுக் கை நீட்டினால், "உடைஞ்சிரும்" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பிறகு கொடுத்துவிடுகிறேன்; கொடுத்த பின்னும், செய்தது சரிதானா என்று அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.