மேசைக்கு ஒரு டப்பா

கடைசிப் பிள்ளையும் பள்ளி வாசலில் இறங்கியானதும் மார்லிஸ் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து பேருந்தின் பின்கோடிவரை நடக்கிறாள். இருபத்துநான்கு இருக்கைகள். ஒவ்வொன்றின் முதுகையும் இடது கையால் தொடுகிறாள், குனிந்து அடியில் பார்க்கிறாள், அடுத்ததற்குப் போகிறாள். முப்பத்தொரு பிள்ளைகள் இறங்கியதைக் கண்ணால் எண்ணியவள்தான். பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் ஒரு பொடியன் கடைசி இருக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் நடக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை என்றால் அதற்கப்புறம் வீட்டுக்குப் போக மாட்டாள். பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ரஸ்ஸின் துப்பாக்கிக் கடைக்கு. செவ்வாய்தான் அங்கே சரக்கு லாரி வரும் நாள். கடை திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பேர் காபிக் குவளையோடு நிற்பார்கள். பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் இரண்டு பேர் வாங்கியதை அன்றைக்கே இணையத்தில் இரட்டை விலைக்குப் போட்டுவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். மார்லிஸ் அவர்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அவள் கோபம் முழுதும் முதுகில்தான் இருக்கும்.

"என்ன தம்பி, வந்துச்சா?" என்று கல்லாவில் நிற்கும் ரஸ்ஸிடம் கேட்பாள்.

"போர்டைப் படிங்கக்கா."

"போர்டு படிக்கவா ஏழு மைல் வந்தேன்?"

கல்லாவுக்கு மேலே ரஸ் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான்: 'கேப்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருந்தால் அலமாரித் தட்டில் தெரியும். குடும்பத்துக்கு ஒன்று.' எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ரஸ்ஸும் சளைக்காமல் பதில் சொல்கிறான். மொன்டானா மாநிலத்தின் இந்த மூலையில் இப்போதைக்கு அதுதான் காலை வணக்கம்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு இங்கே யாருக்கும் குப்பை இல்லை. அடியில், தட்டினால் பொறி கிளப்பும் புதுக் கேப்பைப் பதித்து, அளந்து வெடிமருந்து போட்டு, வாயில் ஒரு குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. ஒரே கூட்டை ஏழெட்டுத் தடவை ஓட்டலாம். கடைத் தோட்டாவின் விலையில் பாதிக்குள் காரியம் முடியும் என்பதால்தான் பாதி வீடுகளின் நிலவறையில் இந்த வேலை நடக்கிறது. பாதிக்குள் முடிந்தது என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். ஆயிரம் கேப்பு முப்பத்தைந்து டாலருக்கு விற்ற காலம் போய் இப்போது தொண்ணூறு. ஒரு பவுண்டு மருந்து இருபத்தெட்டிலிருந்து அறுபதுக்கு ஏறி நிற்கிறது. அந்த விலைக்கும் தட்டு காலி. ஏன் இப்படி என்று கேட்டால் வரிசையில் நிற்கும் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒருவர் தேர்தல் என்பார், ஒருவர் எங்கோ நடக்கும் போர் என்பார், மூன்றாமவர் ஆலைக்காரன் பதுக்கிவிட்டான் என்பார். மார்லிஸுக்குக் காரணத்தில் அக்கறை இல்லை. "காரணத்தைக் கூட்டுக்குள்ள போட்டு அடைச்சா சுடுமா?" என்பாள்.

சிக்கனம் அவளுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் எல்லோரும் சுட்டுவிட்டுப் போன பிறகு, சரளைக் கல்லுக்கு நடுவே குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்குவாள். "கோழி கொத்த வந்துருச்சுடா" என்று ஆண்கள் சிரிப்பார்கள். கோழி தலை நிமிராது. கூடுகளைப் போட்டு உருட்டி மெருகேற்ற வால்நட் ஓட்டுத் தூள் வேண்டும். துப்பாக்கிக் கடையில் அது ஒரு பை பதினெட்டு டாலர். அதே தூளைச் செல்லப்பிராணிக் கடையில் பல்லி வளர்க்கிறவர்கள் கூண்டில் பரப்புவதற்காக ஏழு டாலருக்கு விற்கிறார்கள். அந்தக் கடைப் பெண், மார்லிஸ் வீட்டில் பெரிய உடும்பு ஏதோ இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். "பல்லி நல்லா இருக்கா?" என்று கேட்பாள். "நல்லாத் தின்னுது" என்பாள் மார்லிஸ். வீட்டுக்கு வந்து கணவன் கோர்டியிடம், "பல்லி, உன்னைக் கேட்டாங்க" என்பாள்.

நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் மேசை. உட்கார, கழித்துக்கட்டிய பேருந்திலிருந்து கழற்றி வந்த பச்சை இருக்கை. மேசையில் அழுத்துகிற இயந்திரம், மருந்தை நிரப்பிவைத்து அளவளவாக இறக்கும் புனல், ஒரு சின்னத் தராசு. இவை போக, எந்த நேரத்திலும் மருந்து டப்பா ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மீதி டப்பாக்கள் எதிர்ச்சுவர் அலமாரியில். ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுத்து வருவாள். ஏனென்றால் எல்லா மருந்தும் பார்வைக்குக் கறுப்பு மிளகைப் பொடித்த மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று நிதானமாக எரியும், ஒன்று வெறிபிடித்து எரியும். மாறிப்போனால் தோட்டா வெடிப்பதோடு நிற்காது, துப்பாக்கியும் சேர்ந்து வெடிக்கும். அந்தச் சமயத்தில் சுடுகிறவளின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருக்கும்.

இந்த வருடம் அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கும் கோர்டிக்கு ஆகஸ்டில் முழங்கால் மூட்டை அறுவை செய்து மாற்றினார்கள். பாதிச் சம்பளம். போன குளிர்காலத்து எல்க் மான் இறைச்சியில் ஃப்ரீசரில் மிச்சம் இருப்பது இரண்டு பொட்டலம் சாசேஜ். மூன்று வருடம் அரசாங்க வேட்டை அனுமதிக் குலுக்கலில் தவறி, இந்த வருடம்தான் அவள் பெயருக்குப் பெண் எல்க் அனுமதி விழுந்திருக்கிறது. வேட்டைப் பருவத்தின் முதல் வாரத்துக்கு மட்டும். வார நாளெல்லாம் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஒரு வாரம் என்றால் ஒரு சனி, ஒரு ஞாயிறு.

அவள் இடக்கைக்காரி. துப்பாக்கியும் இடக்கைக்கென்று செய்தது. ஊரில் யாரும் இரவல் தரத் தயார்தான், ஆனால் வலக்கைத் துப்பாக்கியில் அவளுக்குக் குறி நிற்காது. அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவோ கடையில் வருடத்துக்கு ஒரு தடவை தலைகாட்டினால் பெரிய விஷயம். ஆகவே தானே செய்தால்தான் உண்டு. அதற்கு ஏற்ற மருந்துக்காகப் பதினோரு செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றாள். பதினோராவது வாரம் தட்டில் ஒரே ஒரு டப்பா இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது ரஸ், "அக்கா முகத்துல சிரிப்பைப் பாருங்கய்யா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அவள் மறுக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் அதில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சோதித்து, குறிக்கு எது சரிவருகிறது என்று கண்டுபிடித்தாள்.

வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, இருபது கூடுகளில் கேப்பைப் பதித்து வரிசையாக நிறுத்தி, புனலில் தன் மருந்தை ஊற்றிவைத்து உட்கார்ந்தாள். மாலைப் பேருந்து இரண்டரைக்கு. ஒவ்வொரு அளவையும் தராசில் நிறுத்துப் போடுகிறவள் அவள். இரண்டு தோட்டா முடிந்தபோது அண்ணன் வெர்ன் படியில் இறங்கி வந்தார்.

வெர்ன் ஓய்வு பெற்ற மெக்கானிக். யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். அன்று மேலங்கிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்தார். யாரோ செத்துப்போனவர் வீட்டு ஏலத்தில் கிடைத்ததாம், அரை டப்பா மருந்து. அதைக் கொடுத்து நூறு கேப்பு வாங்கிப்போக வந்திருக்கிறார். பணம் மதிப்பிழந்த சந்தையில் இப்படித்தான் பண்டமாற்று நடக்கிறது.

"மேசையில வைக்காதே அண்ணே."

"வச்சா மேசை தேஞ்சுடுமா?" என்றபடி வைத்தார்.

பழைய மருந்து கெட்டுப்போனால் புளித்த வாடை வரும். மார்லிஸ் அதைத் திறந்து முகர்ந்தாள். விதியை மீறியது வெர்ன் இல்லை, அவள்தான். அதைப் பின்னால் அவளே சொன்னாள். அந்த நேரம் பார்த்து மேலே தடாலென்று ஒரு சத்தம். கோர்டி கத்தினான். கையிலிருந்ததை வைத்துவிட்டு ஓடினாள்.

மேல்தட்டிலிருந்து பீன்ஸ் வேகவைக்கும் பெரிய பானையை எடுக்க, புது முழங்காலோடு முக்காலியில் ஏறியிருக்கிறான் மனுஷன். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "யோவ், முட்டியை மாத்தினவங்க மூளையையும் மாத்தியிருக்கலாம்" என்று திட்டிக்கொண்டே தூக்கி உட்காரவைத்து, ஐஸ் பையைக் கட்டிவிட்டுக் கீழே வர பத்து நிமிடம் ஆயிற்று.

மேசை பளிச்சென்றிருந்தது. புனல் காலி. இரண்டு கறுப்பு டப்பாக்களும் மூடி போட்டு அருகருகே நின்றன. வெர்ன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"மருந்து தெறந்து கெடக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே. எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டேன்."

"புனல்ல இருந்தது?"

"டப்பாவுலயே கொட்டிட்டேன். ஒரு பிடிதான் இருந்துச்சு."

"எந்த டப்பா?"

"உன் டப்பாதான். பின்னே, என் டப்பாவுலயா கொட்டுவேன்?"

"அப்ப அது எங்க இருந்துச்சு?"

"இங்கதான். மிஷினை ஒட்டி. லேபிளைப் படிச்சா கொட்டுவாங்க?"

"மிஷினை ஒட்டி உன் டப்பாவைத்தானே நீ வச்சே?"

"நான் வச்சேன். நீ எடுத்து மோந்தியே. மோந்துட்டு எங்க வச்சே?"

மார்லிஸ் யோசித்தாள். படியில் ஓடியது நினைவிருக்கிறது, கோர்டியின் குரல் நினைவிருக்கிறது. கையிலிருந்த டப்பாவை எங்கே வைத்தாள் என்பது மட்டும் இல்லவே இல்லை. வெர்ன் பிடரியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டு டப்பாவையும் திறந்து வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பருமன். எது கூடியிருக்கிறது என்று டப்பாவைத் தராசில் நிறுக்கலாம்தான். எதோடு ஒப்பிடுவது? சோதனைக்கு எடுத்ததில் சுட்டது எவ்வளவு, சிந்தி வீணானது எவ்வளவு என்று அவள் குறித்ததில்லை.

"மார்லிஸ், நான் சொல்றேன்ல. எனக்கு நிச்சயமாத் தெரியும், உன் டப்பாதான்."

"எனக்குந்தான் அண்ணே தெனமும் நிச்சயமாத் தெரியும், பஸ்ஸு காலின்னு. அப்புறமும் கடைசி சீட்டு வரைக்கும் நடக்குறேன்."

"ஒரு பவுண்டுல ஒரு பிடிம்மா. என்ன ஆயிடப்போகுது? எத்தனை பேரு கண்டதையும் கலந்து சுடுறான்."

"அவன் கன்னத்தை வச்சு அவன் சுடுறான்."

அவள் குரல் உயரவில்லை. பதினோரு செவ்வாய்க்கிழமை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அண்ணன் மேலா, கோர்டி மேலா, முகர்ந்த தன் மூக்கின் மேலா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. முடிந்திருந்த இரண்டு தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். வெர்ன் வருவதற்கு முன்பு செய்தவை. அவற்றில் சந்தேகம் இல்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து நூறு கேப்பு அட்டையை எடுத்து அண்ணனின் மேலங்கிப் பையில் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"உன் மருந்தையும் சேத்துக் கொட்டப்போறேன். அதுலயும் என்ன விழுந்திருக்கோ. பேசினது பேசினதுதான்."

"வேண்டாம் மார்லிஸ். அதுக்கு என்னைத் திட்டிடேன், நிம்மதியா இருக்கும்."

"நேரமில்லை. ரெண்டரைக்குப் பஸ்ஸு."

கோர்டி ஊன்றுகோலோடு சமையலறைக் கதவில் நின்றிருந்தான். படியேறி வந்த இருவர் முகத்தையும், அவள் கையிலிருந்த டப்பாக்களையும் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சனிக்கிழமைக்கு?"

"ரெண்டு இருக்கு."

"ரெண்டேவா?"

"மானும் ஒண்ணுதானே."

வேலியோரப் புல்வெளியில் போய் முதலில் வெர்னின் டப்பாவைக் கொட்டினாள், பிறகு தன்னுடையதை. இந்த ஊரில் கெட்ட மருந்து உரமாகத்தான் போகும், மழையில் மெல்ல மக்கி மண்ணோடு போய்விடும். மெல்லிய கறுப்புக் கோடாக அது வேலி நெடுக நீண்டது. அறுபது டாலர் உரம் என்று கோர்டி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முதுகைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலை மாற்றி ஊன்றிக்கொண்டான். வெர்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

டப்பாவைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு பொடிகூட விழவில்லை. வெளிச்சத்தில் உயர்த்தி உள்ளே பார்த்தாள். காலிதான். பிறகு இடது கை விரலை உள்ளே விட்டு, அடிமூலை வரைக்கும் சுற்றித் தடவிப் பார்த்தாள்.