பெருக்கிப் பார்த்தவன்

ஆம்பூரில் என் பழைய சிநேகிதன் அன்பு வீட்டில் தங்கியிருக்கிறேன். அவன் மகள் மலர் சிலேட்டில் வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட ஆரம்பித்தாள். அதற்கு முன் ஒரு தோல் துண்டை எச்சில் தொட்டு சிலேட்டைத் துடைத்தாள். ஈரத் தோலின் வாசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் அன்புவும் இப்படித்தான் துடைப்பான்.

அவனுடைய அப்பா தான் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியிலிருந்து மெத்தென்ற ஆட்டுத்தோல் துண்டு கொண்டுவந்து தருவார். எனக்குச் சட்டை முனைதான். வகுப்பில் இருவரும் முன்பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் வாத்தியார் நூற்று ஐம்பத்தாறைப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னார். நான் சட்டென்று பதின்மூன்று என்று எழுதிவிட்டேன். அன்பு பதினான்கு என்று எழுதினான். அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தான், நூற்று அறுபத்தெட்டு வந்தது. தோலால் துடைத்துவிட்டுப் பதின்மூன்று போட்டு மறுபடியும் பெருக்கினான்.

வாத்தியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். என்னிடம், "நீ பெருக்கியே பாக்கலயே, யாரப் பாத்துடா எழுதுன?" என்றார்.

"நான்தான் சார் ஃபர்ஸ்ட்டு போட்டேன்."

"இன்னா ஃபர்ஸ்ட்டு? பின்னால போய் உக்காரு."

அன்பு முன்பெஞ்சிலேயே இருந்து படித்து, ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான். நான் பாதியில் நின்று லாரியில் ஊர் ஊராகப் போனேன். அவன் வீட்டுச் சோற்றைத் தின்னும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

மலர் சிலேட்டை நீட்டினாள். "சரியா மாமா?"

சரியாகத்தான் இருந்தது. "தப்பு" என்றேன்.

அவள் அழவில்லை. விடையைப் பெருக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "கரெக்டாதான் இருக்குது. நீங்க பெருக்கிப் பாக்கலயா மாமா?"

உள்ளே அன்பு சிரிப்பது கேட்டது.