பாயின் சட்டைப்பைத் தைலம்

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். தஞ்சாவூரில் இதய டாக்டர் ஒருவரிடம் ஈசிஜி எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்தில் மருதாணித் தாடியோடு ஒரு பாய். நன்னிலத்துக்காரர், துபாயில் தொழிலாளர் கேம்ப் ஒன்றில் சமையல் வேலை. பேச்சுக்கு நடுவே சட்டைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க கேம்ப்ல எல்லா நாட்டுக்காரனும் இருந்தான் தம்பி. ரொட்டி திங்கிறவன், மீன் திங்கிறவன், சிகரெட்டே தொடாதவன். எல்லாத்துலயும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தவன் இருக்கான். எதத்தான் காரணம்னு சொல்றது?"

"டாக்டரக் கேட்டீங்களா பாய்?"

"கேட்டேன். கொழுப்பு, சர்க்கரை, பிரஷர், புகை, கவலைன்னு அடுக்குறாரு. எங்க அண்ணன் வயலே கதின்னு கெடந்தவரு, பீடி கூடக் கெடையாது. நெஞ்சு வலிச்சப்ப கேஸுன்னு நெனச்சு, நான் துபாய்லேர்ந்து கொண்டாந்து கொடுத்த தைலத்தத் தேச்சுக்கிட்டுப் படுத்தாரு. எந்திரிக்கல."

சொல்லிவிட்டு மறுபடியும் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"உங்களுக்கும் வலிக்குதா?"

"சேச்சே, எனக்கு வெறும் கேஸுதான்."

தேய்த்து முடித்துப் புட்டியை என்னிடம் நீட்டினார். அத்தனையும் கேட்ட பிறகும் நான் அதை வாங்கி என் நெஞ்சில் தேய்த்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.