தந்த நாற்காலியில் ஒரு கோட்டு

பெண் பார்ப்பதை அரண்மனையில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போட்ட மேதாவி நான்தான். பெண் வீட்டார் திருநெல்வேலியிலிருந்து சுவாமி தரிசனத்துக்கு வருவதாக இருந்தார்கள். எங்கள் வீட்டிலோ ஒரே அறை, ஏழு பேர். கோட்டைக்குள் பழைய அரண்மனை ஒன்றை அப்போதுதான் காட்சிசாலையாக்கித் திறந்துவிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் மட்டும் போனேன். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஜாதகத்தைப் பரண்மேல் போட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

தோட்டத்தில், சதுரம் சதுரமாகக் கத்தரித்த செடிகளுக்கு நடுவே, படத்தில் பார்த்திருந்த பெண் நீரூற்றை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே மனசு போய்விட்டது. உள்ளே நின்று கம்பீரமாக வரவேற்கலாம் என்று முந்திக்கொண்டு நுழைந்தேன்.

மலையாள தேசத்தில் எங்கள் ஊர்க்காரனுக்குக் கோயிலோ அரண்மனையோ, வாசலைக் கண்டால் மேல்சட்டை தானாகக் கழன்றுவிடும். உள்ளே மகாராஜா இல்லை, டிக்கெட் கிழிப்பவர்தான் இருக்கிறார் என்பது என் கைக்குத் தெரியவில்லை. கோட்டையும் சட்டையையும் கழற்றி, பக்கத்திலிருந்த யானைத் தந்த நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, வேட்டியும் பூணூலுமாக நின்றேன்.

பெண்ணின் அப்பா வந்தவர் நேரே நாற்காலியிடம் போனார்.

"மகாராஜா கோட்டு போலிருக்கு. அக்குள்ல ஒட்டுப் போட்டுன்னா உடுத்திண்டிருக்கார். என்ன சிக்கனம் பாரு" என்றார் மகளிடம்.

அந்த ஒட்டு, அம்மா தன் பழைய புடவையைக் கிழித்துத் தைத்தது.

நாற்காலியில் எதுவும் வைக்கக் கூடாதென்று கையை ஆட்டிக்கொண்டே காவலாளி ஓடிவந்தார். "இதாருடெ கோட்டாணு? இவிடெ வைக்கான் பாடில்லல்லோ."

நான் கூரையின் சித்திர வேலையை ரசித்தேன்.

பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார். "பையன் நீங்கதானே? இது உங்களோடதா?"

"இல்லை" என்றேன். அந்தக் கூடத்தில் வெற்றுடம்போடு நின்றவன் நான் ஒருத்தன்தான். பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "தன் கோட்டையே தன்னோடதுன்னு சொல்லக் கூசறவர், நாளைக்கு எம்பொண்ணை மட்டும் சொல்லுவாரா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு போனார். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. காவலாளியிடம் கெஞ்சிக் கோட்டையும் சட்டையையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "பொண்ணு எப்படிடா இருந்தா?"

கோட்டைக் கழற்றி, ஒட்டு உள்ளே போகும்படி மடித்தேன்.

"சுமார்தாம்மா. எனக்குப் பிடிக்கலை" என்றேன்.