குறுக்கே ஓடிய ஒரே கோடு

என் சகலை துறைமுகத்தில் ஆழம் அளப்பவர். மனைவியின் அக்காள் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, வளைகுடா வாயின் அடியில் கிடக்கும் மணலை அவரைப்போல் அறிந்தவர் யாருமில்லை. தன் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாது மனிதருக்கு. எந்த மணல்மேடு எங்கே நகர்ந்திருக்கும் என்று மட்டும் தெரியும்.

கடல் ஓதம் ஏறும்போது மணலை உள்ளே தள்ளும். வற்றும்போது அதைவிட வேகமாக வெளியே இழுக்கும். இந்த இழுபறியில் தண்ணீருக்கடியில் மேடுகள் வரிசை வரிசையாக எழும்பி, நீரோட்டத்துக்குக் குறுக்கே படுத்துக்கிடக்கும். பௌர்ணமி ஓதம் அவற்றை இடம் மாற்றிவிடும். அதனால் படகு ஓட்டத்தோடு நெடுக்கே போய், ஒவ்வொரு மேட்டையும் தாண்டித்தான் அளக்க வேண்டும். குறுக்கே போனால் இரண்டு மேட்டுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலேயே ஓடி, நல்ல ஆழம் என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் துறைமுக அதிகாரிக்கு யாரோ விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டப் படகு வேண்டியிருந்தது. குறுக்கே ஒரே ஒரு ஓட்டம் போதும், சீக்கிரம் திரும்புங்கள் என்றார்.

"சார், பள்ளத்துல போனா மேடே தெரியாது. கப்பல் தட்டிடும்," என்றார் சகலை.

"ஒரு தடவைதானே. எழுதிக் குடுங்க."

படகோட்டி நான். பக்கத்தில்தான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சகலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார், ஒரே கோடு அளந்தார், கையெழுத்தும் போட்டார். நான்காம் நாள் ஒரு சரக்குக் கப்பல் மேட்டில் ஏறி உட்கார்ந்தது.

விசாரணையில் அதிகாரி கையை விரித்துவிட்டார். அப்படி அவர் சொல்லவே இல்லையாம். சகலைதான் சோம்பல்பட்டுக் குறுக்கு வழியில் போனாராம். சகலைக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. வேலை போனால் பென்ஷனும் போகும். அதிகாரி சொன்னதை வேறு யாராவது கேட்டீர்களா என்று விசாரித்தார்கள். கேட்டவன் நான் ஒருவன்தான். என் வேலையும் அதே அதிகாரி கையில். வாயைத் திறக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சகலை என்னைப் பார்த்தார். ஒரே குடும்பத்தில் இரண்டு அடுப்பு அணைய வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

"இவரு படகுல இருந்தாரு. இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேட்டிருக்காது," என்றார்.

வெட்கங்கெட்டுத் தலையாட்டினேன். அன்று மாலையே அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

அதிகாரி பேசியபோது நான் இன்ஜினைப் போடவே இல்லை.